அடுத்த பாகம் வருமா, வராதா? நார்னியா ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நார்னியா படங்களைப் பற்றிப் பேச்சை எடுத்தாலே சுற்றிச் சுற்றி அதே கேள்விகள்தான் வரும். சி.எஸ். லூயிஸ் எழுதியது ஏழு புத்தகம், அதில் மூன்றுதான் படமானது, அப்புறம் பல வருடம் சத்தமே இல்லை, இப்போது வேறு கம்பெனி, வேறு இயக்குநர். பாதியில் நின்றுபோன மற்ற மாயாஜாலக் கதைத் தொடர்களின் ரசிகர்களும் இதே கவலையோடுதான் திரிகிறார்கள் என்பதால் அவற்றையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். நடுவே என் அபிப்பிராயமும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று படத்தோடு நார்னியா ஏன் நின்றுபோனது?

2010 டிசம்பரில் வந்த "தி வாயேஜ் ஆஃப் தி டான் ட்ரெடர்" படத்தின் கடைசி நிமிடம் நினைவிருக்கிறதா? பிள்ளைகள் தங்கள் உறவுக்காரப் பையன் யூஸ்டஸ் வீட்டு அறைக்குத் திரும்பிவிட்டார்கள், சுவரில் அந்தக் கப்பல் ஓவியம் தொங்குகிறது, வெளியிலிருந்து யூஸ்டஸின் அம்மா குரல் கொடுக்கிறாள், ஜில் போல் என்ற பெண் வந்திருக்கிறாளாம். படம் மட்டும் பார்த்தவர்களுக்கு அது ஏதோ ஒரு பெயர். புத்தகம் படித்தவர்களுக்கோ சட்டென்று நிமிர்ந்து உட்கார வேண்டிய இடம், ஏனென்றால் நான்காவது கதையான "தி சில்வர் சேர்" முழுக்க யூஸ்டஸும் ஜில்லும் போகிற பயணம்தான். அதாவது கதவைத் திறந்து, வாங்க என்று கூப்பிட்டுவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்த ஜில் இன்றுவரை திரையில் முகம் காட்டவில்லை.

நடந்தது இதுதான். 2005இல் வந்த முதல் படத்தை வால்டன் மீடியாவும் டிஸ்னியும் சேர்ந்து எடுத்தார்கள், உலகம் முழுக்கச் சுமார் 74 கோடி டாலர் வசூல். 2008 மே மாதம் வந்த "பிரின்ஸ் காஸ்பியன்" சுமார் 42 கோடியில் நின்றது. அந்த வருடம் டிசம்பரிலேயே டிஸ்னி மூன்றாவது படத்திலிருந்து விலகிக்கொண்டது. அடுத்த மாதம் ஃபாக்ஸ் உள்ளே வந்தது, பட்ஜெட்டைக் குறைத்து மூன்றாவதை எடுத்தார்கள், அது சுமார் 41 கோடி. வால்டன் கையிலிருந்த ஒப்பந்தம் 2011இல் காலாவதியானது. 2013இல் வேறொரு தயாரிப்பு நிறுவனம் "தி சில்வர் சேர்" எடுக்கப்போவதாக அறிவித்தது, 2017இல் ஜோ ஜான்ஸ்டன் இயக்குவார் என்றார்கள், ஆனால் கேமரா ஓடவே இல்லை. 2018 அக்டோபரில் ஏழு புத்தகங்களையும் மொத்தமாக நெட்ஃபிளிக்ஸ் எடுத்துக்கொண்டது.

42 கோடி டாலர் வசூலித்த படத்தைத் தோல்வி என்கிறார்களே, இது என்ன கணக்கு?

எல்லாரும் தடுமாறுகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம். செய்தியில் வருகிற வசூல் என்பது தியேட்டரில் மக்கள் டிக்கெட்டுக்குக் கொடுத்த மொத்தப் பணம். அதில் தியேட்டர்காரர்களின் பங்கு ஏறக்குறைய பாதி. நாட்டுக்கு நாடு இது மாறும், சீனாவில் வெளிநாட்டுப் படம் எடுத்தவர்களுக்கு நாலில் ஒரு பங்கு கிடைத்தால் பெரிது. "பிரின்ஸ் காஸ்பியன்" படத்தின் தயாரிப்புச் செலவு சுமார் 22 கோடியே 50 லட்சம் டாலர். 42 கோடியில் பாதி 21 கோடி. விளம்பரச் செலவை இன்னும் சேர்க்கவே இல்லை, அதற்குள் கை கடித்துவிட்டது பாருங்கள். டிவிடி, தொலைக்காட்சி உரிமை, பொம்மை விற்பனை எல்லாம் பின்னால் வரும்தான், ஆனால் அடுத்த படத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் அதற்கெல்லாம் காத்திருக்க மாட்டார்.

இன்னொன்று, தொகையை விட அது போகும் திசை முக்கியம். 74இலிருந்து 42 என்றால் முதல் படத்துக்கு வந்தவர்களில் பெரும் கூட்டம் இரண்டாவதற்கு வரவில்லை என்று அர்த்தம். அப்படியானால் மூன்றாவதற்கு எத்தனை பேர் வருவார்கள் என்று ஸ்டூடியோ கணக்குப் போடத்தானே செய்யும். முதல் படத்தை டிசம்பரில், பண்டிகை விடுமுறைக்குக் குடும்பமாக வருகிற நேரத்தில் விட்டவர்கள், இரண்டாவதை மே மாதத்தில், அதுவும் "அயர்ன் மேன்" வந்து இரண்டு வாரம் கழித்து, இண்டியானா ஜோன்ஸ் வர ஒரு வாரமே இருக்கும்போது இறக்கினார்கள். பனியும் விளக்குக் கம்பமும் நார்னியாவின் அடையாளம், அதைக் கோடைக்கால அடிதடிப் படங்களுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தியது யார் யோசனையோ. மூன்றாவது படத்தை மறுபடி டிசம்பருக்கே கொண்டுவந்தார்கள், ஆனால் அமெரிக்காவில் மட்டும் எடுத்துக்கொண்டால் அது பத்துக் கோடியைத் தாண்டியதோடு சரி.

இதைவிடப் பரிதாபம் "தி கோல்டன் காம்பஸ்" கதை. 2007இல் வந்தது, செலவு சுமார் 18 கோடி, உலக வசூல் சுமார் 37 கோடி. ஆனால் அமெரிக்காவில் வந்தது வெறும் 7 கோடி. வெளிநாடுகளில் படம் நன்றாகவே ஓடியது, என்ன பிரயோஜனம், நியூ லைன் நிறுவனம் வெளிநாட்டு உரிமைகளைச் செலவுக்காக முன்கூட்டியே விற்றிருந்தது. பணம் வந்தது, வேறு யார் பைக்கோ போனது. சில மாதங்களில் நியூ லைனே தனி ஸ்டூடியோவாக இல்லாமல் போய், வார்னர் பிரதர்ஸுக்குள் அடங்கிவிட்டது. மூன்று புத்தகத் தொடரில் ஒன்றோடு கடை மூடப்பட்டது.

"உரிமை" என்று எல்லாரும் சொல்கிறார்களே, அது எப்படித் தீர்ந்துபோகும்?

எழுத்தாளரோ அவருடைய வாரிசுகளோ புத்தகத்தைப் படமாக்கும் உரிமையைப் பெரும்பாலும் ஒரு காலக்கெடுவோடுதான் கொடுப்பார்கள். இத்தனை வருடத்துக்குள் படப்பிடிப்பு தொடங்க வேண்டும், இல்லையென்றால் உரிமை திரும்பி வந்துவிடும் என்று எழுதியிருக்கும். வீட்டு வாடகை ஒப்பந்தம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், கெடு முடிந்தால் புதுப்பிக்க வேண்டும், புதுப்பிக்க இரண்டு பக்கமும் மனசு வைக்க வேண்டும். நார்னியாவில் 2011இல் நடந்தது அதுதான். படம் சரியாகப் போகாத நேரத்தில் கெடுவும் முடிந்தால் பேச்சுவார்த்தையில் யாருக்கும் அவசரம் இருக்காது.

எல்லா உரிமையும் இப்படித் திரும்பி வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டோல்கீன் தன் "தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்" பட உரிமையை 1969இலேயே யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸுக்கு விற்றுவிட்டார், 1976இல் அது சால் ஸேன்ட்ஸ் என்ற தயாரிப்பாளரிடம் போனது. அதனால் படங்களை எடுப்பதா வேண்டாமா என்று குடும்பத்தைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. ஆனால் நீண்ட தொலைக்காட்சித் தொடருக்கான உரிமை குடும்பத்தின் கையில் இருந்தது, அதைத்தான் 2017இல் அமேசான் வாங்கியது. ஒரே உலகத்தை வைத்து வார்னர் படம் எடுப்பதும் அமேசான் தொடர் எடுப்பதும் இப்படித்தான். ஒரு தொடரின் எதிர்காலம் தெரிய வேண்டுமென்றால் நடிகர் பட்டியலைவிட இந்தக் காகிதத்தைத்தான் நான் முதலில் தேடுவேன்: உரிமை யாரிடம், எதுவரைக்கும், எத்தனை புத்தகத்துக்கு?

பிள்ளைகள் வளர்ந்துவிட்டால் என்ன செய்வார்கள்?

நியாயமான பயம். ஹாரி பாட்டரில் எட்டுப் படத்தைப் பத்து வருடத்துக்குள் முடித்துவிட்டார்கள், முதல் இரண்டும் 2001, 2002 என்று அடுத்தடுத்த நவம்பரில் வந்துவிட்டன. அந்த வேகம் இருந்ததால்தான் அதே முகங்கள் கடைசிவரை தாங்கின. டம்பிள்டோராக நடித்த ரிச்சர்ட் ஹாரிஸ் 2002இல் இறந்துவிட, மைக்கேல் கேம்பன் வந்தார், ஜனங்களும் ஏற்றுக்கொண்டார்கள். பெரியவர்களை மாற்றலாம், கூடவே வளர்ந்த பிள்ளை முகத்தை மாற்றுவது கஷ்டம்.

நார்னியாவின் சிக்கல் வேறு மாதிரி. லூயிஸே ஆட்களை மாற்றிக்கொண்டே போகிறார். முதல் கதையில் அலமாரி வழியாக நார்னியாவுக்குப் போன நான்கு உடன்பிறப்புகளில் பீட்டரும் சூசனும் இரண்டாவது கதையோடு விடைபெறுகிறார்கள், எட்மண்டும் லூசியும் மூன்றாவதோடு. நான்காவதற்கு யூஸ்டஸ் மட்டும்தான் மிச்சம், காஸ்பியன்கூட அதில் கிழவராகிவிடுகிறார். காகிதத்தில் பார்த்தால் இது வசதி, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்களே என்ற தலைவலி இல்லை. ஆனால் தியேட்டருக்கு வருகிறவர்கள் பாசம் வைத்தது அந்த நான்கு பேர் மேல்தானே? அவர்களை ஒவ்வொருவராக வழியனுப்பிவிட்டு, முன்பின் தெரியாத புது ஆட்களைப் பார்க்க வாருங்கள் என்று ஒவ்வொரு முறையும் விளம்பரம் செய்ய வேண்டியிருக்கிறது. வசூல் சரிந்ததற்கு ரிலீஸ் தேதியை எல்லாரும் திட்டுகிறார்கள், நானும் மேலே திட்டினேன், ஆனால் தொடரின் அடிப்படைப் பலவீனம் இதுதான் என்பது என் எண்ணம். மிச்சமிருந்த அந்த ஒரு யூஸ்டஸும் கைநழுவிப் போனான்: அவனாக நடித்த வில் போல்ட்டர் பிறந்தது 1993இல், "தி சில்வர் சேர்" பற்றி 2017இல் மறுபடி பேச்சு வந்தபோது அவருக்கு 24 வயது.

அப்படியானால் எல்லாப் பாகத்தையும் ஒரேயடியாக எடுத்துவிடலாமே?

எடுக்கலாம், துணிச்சல் இருந்தால். பீட்டர் ஜாக்சன் 1999 அக்டோபரில் தொடங்கி 2000 டிசம்பர் வரை "தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்" மூன்று படங்களின் முதன்மைப் படப்பிடிப்பையும் சேர்த்தே முடித்தார். அதற்கு முன் கதையை வைத்திருந்த மிராமேக்ஸ் எல்லாவற்றையும் ஒரே படமாகச் சுருக்கப் பார்த்தது. ஜாக்சன் இரண்டு படத் திட்டத்தோடு நியூ லைனுக்குப் போக, அங்கிருந்த பாப் ஷே, புத்தகம் மூன்று இருக்கும்போது ஏன் இரண்டு படம் என்று கேட்டாராம். முதல் படம் ஊத்திக்கொண்டிருந்தால் அந்த நிறுவனத்தின் கதி என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதே கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1978இல் ரால்ஃப் பாக்ஷி எடுத்த கார்ட்டூன் படம் பாதிக் கதையில் முடிந்தது. தலைப்பில் முதல் பாகம் என்றுகூடப் போடவில்லை. இரண்டாவது பாதியை அவர் எடுக்கவே இல்லை. நம் பக்கத்தில் "பொன்னியின் செல்வன்" மாயாஜாலக் கதை இல்லைதான், ஆனாலும் இரண்டு பாகத்தையும் சேர்த்தே எடுத்திருந்ததால் 2022 செப்டம்பரில் முதலாவதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் யாரும் அடுத்தது வருமா என்று கேட்கவில்லை, எப்போது என்றுதான் கேட்டார்கள். ஏழு மாதத்தில் வந்துவிட்டது.

புத்தகத்திலிருந்து மாற்றி எடுத்தால் தொடர் செத்துவிடுமா?

மாற்றினாலே சாகும் என்றால் புத்தகத்தில் வரும் டாம் பாம்படில் என்ற பாத்திரத்தை முழுசாகத் தூக்கியெறிந்த பீட்டர் ஜாக்சன் படங்கள் முதலிலேயே போயிருக்க வேண்டும். புத்தகத்தில் 12 வயதுப் பையனான பெர்சி ஜாக்சனை 2010 படத்தில் வளர்ந்த வாலிபனாக்கினார்கள், படித்தவர்கள் கொதித்தார்கள், ஆனாலும் 2013இல் இரண்டாவது படம் வரத்தான் செய்தது.

ஆபத்தான மாற்றம் ஒரு வகை உண்டு. "தி கோல்டன் காம்பஸ்" படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். படம் முடியும்போது கதாநாயகியான சிறுமி லைரா வான்கப்பலில் நண்பன் ரோஜரோடு வடக்கே போய்க்கொண்டிருக்கிறாள், அப்பாவைக் கண்டுபிடிப்போம், எல்லாவற்றையும் சரிசெய்வோம் என்று நம்பிக்கையாகப் பேசுகிறாள், இசை ஏறுகிறது, முடிந்தது. புத்தகம் அங்கே முடிவதில்லை. அவள் போய்ச் சேருகிறாள், அவளே அறியாமல் ரோஜரைச் சாவின் கையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறாள், கொல்வது அவள் தேடிப்போன அதே அப்பா. அந்தக் குற்ற உணர்வுதான் அடுத்த இரண்டு புத்தகத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது. இந்தக் காட்சிகளை எடுத்தே இருந்தார்கள், ட்ரெய்லரில்கூடச் சில துண்டுகள் வந்தன. கடைசி நேரத்தில் நறுக்கிவிட்டு, அடுத்த படத்தின் தொடக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அடுத்த படம் வரவில்லை. குழந்தைகள் சிரித்த முகத்தோடு வீட்டுக்குப் போகட்டும் என்று செய்த காரியத்தால், அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்க யாருக்கும் தோன்றாமலே போய்விட்டது. முடி நிறம், உடை நிறம் மாறியதற்குச் சண்டை போடுவதை விட்டுவிட்டு இந்த மாதிரி மாற்றம் நடக்கிறதா என்று பாருங்கள்.

இயக்குநரை மாற்றிவிட்டார்கள், பயமாக இருக்கிறது.

பெரிதாகப் பயப்பட வேண்டாம். ஹாரி பாட்டரில் நான்கு இயக்குநர்கள். மூன்றாவது படத்தை எடுத்த அல்ஃபோன்ஸோ குவாரோன் பாணியையே மாற்றினார், எட்டில் குறைந்த வசூல் அந்தப் படத்துக்குத்தான், ஆனால் இன்றைக்கும் பலருக்கும் பிடித்தது அதுதான். தொடர் நிற்கவில்லை.

கடைசிப் புத்தகத்தை இரண்டு படமாகப் பிரிப்பது நல்ல அறிகுறியா, கெட்ட அறிகுறியா?

பாட்டருக்கு நன்றாகவே பலித்தது, உடனே எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். டைவர்ஜென்ட் தொடர்தான் இதில் மாட்டியது. கடைசிப் புத்தகத்தை இரண்டாக வெட்டி முதல் பாதியை 2016இல் விட்டார்கள், படம் படுத்தது, மீதியைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோகிறோம் என்றார்கள், அதுவும் நடக்கவில்லை. கிளைமாக்ஸ் இல்லாமலே முடிந்த தொடர் அது. உங்கள் தொடர் ஏற்கெனவே இறங்குமுகத்தில் இருந்தால், பிரிக்கிறோம் என்ற அறிவிப்பைக் கேட்டு என்னால் சந்தோஷப்பட முடியாது.

ஓடிடிக்குப் போய்விட்டால் பாதுகாப்புதானே?

சில தொடர்களுக்கு அதுதான் மறுபிறவி கொடுத்தது. லெமனி ஸ்னிக்கெட் எழுதிய 13 புத்தகங்களில் முதல் மூன்றை வைத்து 2004இல் ஒரு படம் வந்தது, அதோடு சரி. 2017 முதல் 2019 வரை நெட்ஃபிளிக்ஸ் 25 அத்தியாயங்களில் 13 புத்தகத்தையும் முடித்துக் காட்டியது. "தி கோல்டன் காம்பஸ்" கதையையும் பிபிசியும் எச்பிஓவும் 2019இல் தொடங்கி மூன்று பருவத்தில் கடைசிப் பக்கம்வரை கொண்டுபோய்ச் சேர்த்தன. ரோஜர் சாகிற காட்சி இந்த முறை இருந்தது. பெர்சி ஜாக்சனும் 2023 டிசம்பரில் டிஸ்னி பிளஸ்ஸில் தொடராக மறுபடி வந்தான், 12 வயதுப் பையனாகவே.

ஆனால் ஓடிடியும் கணக்குப் பார்க்கிற கடைதான். "ஷேடோ அண்ட் போன்" தொடரை நெட்ஃபிளிக்ஸ் இரண்டு பருவத்தோடு 2023இல் நிறுத்தியது. "தி வீல் ஆஃப் டைம்" தொடரை அமேசான் மூன்று பருவத்தோடு 2025இல் நிறுத்தியது, அது 14 புத்தகக் கதை என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது. தியேட்டர் படத்திலாவது வசூல் என்று ஒரு எண் எல்லார் கண்ணுக்கும் தெரியும், நாமும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓடிடியில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைவிட எத்தனை பேர் கடைசிவரை பார்த்தார்கள், எடுத்த செலவுக்கு அது கட்டுப்படியானதா என்பதெல்லாம் உள்ளே வைத்துப் பேசுகிற விஷயம். நமக்குத் தெரிய வருவது முடிவு மட்டும்தான்.

இப்போது நார்னியா எந்த நிலையில் இருக்கிறது?

2018 ஒப்பந்தத்தில் ஒரு முக்கியமான விஷயம் இருந்தது: ஏழு புத்தகத்தின் உரிமையும் முதன்முறையாக ஒரே நிறுவனத்திடம் வந்தது. அதன் பிறகும் பல வருடம் ஒன்றும் நகரவில்லை, அந்தக் காலத்தில்தான் ரசிகர்கள் பாதிப் பேர் நம்பிக்கை இழந்தார்கள். அப்புறம் இயக்குநராகக் கிரேட்டா கெர்விக் வந்தார், குறைந்தது இரண்டு படம் அவர் எடுப்பார் என்று பேச்சு அடிபட்டது, 2025இல் படப்பிடிப்பே தொடங்கிவிட்டது. அந்த வருட ஆரம்பத்திலேயே படத்தை முதலில் ஐமேக்ஸ் திரைகளில் வெளியிடுவதற்கும் ஒப்பந்தம் போட்டார்கள். நேராக ஓடிடிக்குப் போடுவதையே வழக்கமாக வைத்திருக்கும் ஒரு நிறுவனம் இதற்கு ஒத்துக்கொண்டது சின்ன விஷயம் இல்லை.

ஏன் "தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ" கதையிலிருந்து தொடங்குகிறார்கள்? அது ஆறாவது புத்தகம் அல்லவா?

வெளிவந்த வரிசையில் ஆறாவது, 1955. கதை நடக்கிற வரிசையில் முதலாவது. நார்னியா எப்படிப் பிறந்தது, அந்த விளக்குக் கம்பம் காட்டுக்குள் எப்படி வந்தது, வெள்ளைச் சூனியக்காரி எங்கிருந்து வந்தாள் என்பதெல்லாம் இதில்தான் இருக்கிறது. இரண்டு வரிசையில் எது சரி என்று படித்தவர்களுக்குள் பல வருடச் சண்டை, நான் வெளிவந்த வரிசைக் கட்சி. ஆச்சரியத்தை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் அதன் காரணத்தைத் தெரிந்துகொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது.

ஆனால் படம் எடுக்கிறவர் இடத்தில் நின்று பார்த்தால் இந்தத் தொடக்கம் புத்திசாலித்தனம். 2005 படத்தை இன்னும் நிறையப் பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள், அதே கதையை மறுபடி எடுத்தால் சூனியக்காரியாக நடித்த டில்டா ஸ்வின்டனோடும் அந்த நான்கு பிள்ளைகளோடும் ஒப்பிட்டே கிழித்துவிடுவார்கள். இந்தக் கதையைத் திரையில் யாரும் எடுத்ததில்லை. ஒப்பிட எதுவும் இல்லை.

அஸ்லானுக்குப் பெண் குரலா? இது தொடரைக் கெடுத்துவிடாதா?

நார்னியாவின் சிங்கமான அஸ்லானுக்குக் குரல் கொடுக்க நடிகை மெரில் ஸ்ட்ரீப்போடு பேச்சு நடக்கிறது என்று 2025இல் செய்தி வந்தபோது கிளம்பிய கேள்வி இது. பழைய படங்களில் லியாம் நீசன் குரல் காதில் அப்படியே நிற்கிறது, அதை மீறி எதையும் கற்பனை செய்ய மனசு வரவில்லை என்பது எனக்கும் புரிகிறது. புத்தகத்தில் அஸ்லான் ஆண் சிங்கம்தான், லூயிஸ் அவனைக் கிறிஸ்துவை மனதில் வைத்து எழுதினார் என்பதும் தெரிந்ததே, அதனால் மனக்கஷ்டப்படுகிறவர்களைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் கேள்வி தொடரின் ஆயுளைப் பற்றியது என்றால், ஒரு குரலால் தொடர் நின்றதாக எனக்கு ஒரு உதாரணம்கூட நினைவுக்கு வரவில்லை. சிங்கம் பாடப் பாட ஒரு உலகமே முளைத்து எழுகிற காட்சி இந்தக் கதையில் வருகிறது. அது சரியாக அமையாவிட்டால்தான் எனக்குக் கவலை.

"அடுத்த பாகம் உறுதி" என்று வரும் செய்திகளை நம்பலாமா?

எந்த வார்த்தை போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். "திட்டம் இருக்கிறது", "ஆலோசனையில் இருக்கிறது" என்றால் யாரோ எங்கேயோ ஆசைப்பட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். திரைக்கதை எழுத ஆள் போட்டிருக்கிறார்கள் என்றால் கொஞ்சம் பணம் செலவாகிறது, ஆனாலும் எழுதி முடித்து அலமாரியில் தூங்கும் திரைக்கதைகளுக்குக் கணக்கே இல்லை, "தி சில்வர் சேர்" அங்கேதான் நின்றது. இயக்குநர் பெயர் வந்தாலும் போதாது, அதற்கும் அதுவே சாட்சி. அரங்கம் போடுகிறார்கள், தேதி குறித்துவிட்டார்கள், நடிகர்கள் வந்து இறங்கிவிட்டார்கள் என்ற செய்தி வந்தால்தான் நான் நம்புவேன். எத்தனை பாகம் வரும் என்று முன்கூட்டியே அறிவிப்பதற்கு மதிப்பே கிடையாது. ஹாரி பாட்டர் உலகத்தை வைத்து எடுத்த "ஃபென்டாஸ்டிக் பீஸ்ட்ஸ்" தொடரில் முதல் படம் வருவதற்கு முன்பே ஐந்து படம் என்று சொல்லிவிட்டார்கள். முதலாவது சுமார் 81 கோடி டாலர், இரண்டாவது 65, 2022இல் மூன்றாவது 40 கோடி. நான்காவதற்கு வேலையே தொடங்கவில்லை.

ரசிகர்கள் நாம் ஏதாவது செய்ய முடியுமா?

கையெழுத்து இயக்கத்தை எல்லாரும் சொல்வார்கள், ஸ்டூடியோவுக்கு அது இலவச விளம்பரம் மாதிரிதான், அதைப் பார்த்து யாரும் 20 கோடி டாலர் எடுத்து வைக்கப்போவதில்லை. படத்தை முதல் வாரத்திலேயே தியேட்டரில் பார்ப்பது கொஞ்சம் உதவும். ஓடிடி என்றால் தொடங்கியதை முடிப்பது. பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், பிடித்த மாதிரி நடிக்க வேண்டியதில்லை. பார்க்காமலே ட்ரெய்லரை வைத்து மாதக்கணக்கில் திட்டிக்கொண்டிருந்துவிட்டு, அப்புறம் அடுத்த பாகம் ஏன் வரவில்லை என்று கேட்பவர்களைத்தான் எனக்குத் தாங்க முடிவதில்லை.

பழைய நான்கு பேரும் திரும்பி வருவார்களா?

புதுப் படங்கள் முற்றிலும் புதிய தொடக்கம், பழையவற்றின் தொடர்ச்சி இல்லை. ஆசைப்படுபவர்கள் ஒரு விஷயத்தைச் சொல்வார்கள்: கடைசிப் புத்தகத்தில் பீட்டர், எட்மண்ட், லூசி மூவரும் வளர்ந்தவர்களாக வருகிறார்கள், இப்போது அந்த நடிகர்களும் வளர்ந்துவிட்டார்கள், பொருந்துமே என்று. பொருந்தும்தான். ஆனால் அதற்கு நடுவில் உள்ள கதைகளை வேறு பிள்ளைகள் நடித்து முடித்திருப்பார்களே, திடீரென்று முகம் மாறினால் எப்படி? அவர்களைப் பார்க்க வேண்டும் போலிருந்தால் 2005 படத்தை எடுத்துப் போடுங்கள், அலமாரிக்குள் நுழைந்து லூசி முதன்முதலில் பனியைத் தொடுகிற இடம் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. மூன்றாவது படத்தையும் பாருங்கள், ஆனால் கடைசியில் அந்த அம்மா ஜில் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் இடத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டால் மனசுக்கு நல்லது.